ரேகை வைத்த இடம்

பதிவு அலுவலக முற்றத்தில், சென்னப்பட்டணத்திலிருந்து கப்பலில் வந்த பழைய மோட்டார் சைக்கிள் வெயிலில் மின்னிக்கொண்டு நிற்கிறது. தேக்கா வட்டாரத்துத் தொழுவத்தில் இருந்த தன் பால்மாடுகளில் பாதியை விற்று அதை வரவழைத்த மாயழகுவின் கட்டைவிரலில் மை இன்னும் காயவில்லை. "இங்க வைங்க மச்சான், வரி, பதிவு எல்லாத்துக்கும் இந்த ஒரு ரேகை போதும்" என்று இங்கிலீஷ் படித்த மைத்துனன் கோவிந்தராசு காட்டிய இடத்தில்தான் வைத்தார். குமாஸ்தா தாளைப் பார்த்து வாசிக்கிறார்: "வண்டிக்குச் சொந்தக்காரர், கோவிந்தராசு." தகர நம்பர் பலகைக்காக மாயழகு நீட்டிய பால்வாடைக் கை அந்தரத்தில் நிற்க, பலகை மைத்துனனிடம் போகிறது. அவன் குனிந்து அதை வேட்டி நுனியால் துடைக்கிறான், துடைத்துக்கொண்டே இருக்கிறான். "அப்ப என் ரேகை?" குமாஸ்தா தாளைத் திருப்பிக் காட்டுகிறார். "நீங்க சாட்சி. வேலை முடிஞ்சுது, போகலாம்."