சுடுகாட்டோரக் குடிசை

பாலித் தீவின் மலைக்கிராமம் ஒன்றின் தலைவர் நெங்கா தூசன், ஊர் மண்டபத்தில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தார்.

“ஒரே பிரசவத்துல ஆணும் பொண்ணும். ஊருக்கே தீட்டு! சுடுகாட்டு ஓரமா குடிசை போடுங்க. பெத்தவங்களும் பிள்ளைங்களும் நாற்பத்திரண்டு நாள் அங்கதான்.”

“பச்சைக் குழந்தைங்க, தலைவரே. மழை வேற கொட்டுது,” என்றான் கூட்டத்திலிருந்த பாகிர். “இந்த வழக்கத்தை அரசாங்கமே ஒழிச்சிடுச்சே!”

“போன வருஷம் இதே தீட்டுன்னு கூலிக்காரன் தங்கஸ் குடும்பத்தை விரட்டினப்ப இந்த நியாயம் எங்கய்யா போச்சு? அன்னைக்கும் மழைதான். ஒருத்தராவது வாயைத் திறந்தீங்களா?” என்றார் தலைவர்.

கூட்டம் மூங்கில் வெட்டக் கிளம்பியது.

குடிசை தயாரானதும் தலைவர் தன் வீட்டுக்குப் போய்ப் பாயைச் சுருட்டினார்.

“எழுந்திரு ரெந்தி,” என்றார் மனைவியிடம். “நம்ம பிள்ளைங்க ரெண்டையும் கொடு, நான் தூக்கிக்கிறேன்.”