சார்ஜ் மிச்சம்

மகள் ஜிஸ்மி உருவாக்கும் மொபைல் கேமுக்காக, பள்ளிவாசல் எஸ்டேட்டில் மூன்று நாள் ஸ்கேன் கேமரா முன்னால் கொழுந்து பறித்தாள் சந்தனமேரி. கேமில் தான் வரப்போவதாக உடன் வேலை செய்பவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தாள்.

கேம் வந்தது. தேயிலைக் காடு அப்படியே இருந்தது. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்திகூட இல்லை.

“நான் எங்கடி? பெத்தவளையே ஏமாத்திட்டியே!”

“செடியோட வெயிலும் நிழலும் ஸ்கேன்லயே பதிஞ்சிரும்மா. போன் புதுசாக் கணக்குப் போட வேண்டாம், சார்ஜ் மிச்சம். அசையுற ஆளுக்குன்னா நொடிக்கு நொடி போடணும். அதான் உங்களையெல்லாம் எடுத்துட்டோம்.”

“அப்ப மேட்டுல சூப்பர்வைசர் மட்டும் நிக்கிறாரே?”

“அவரு மூணு நாளும் அசையவே இல்லம்மா.”