கார்டு போட்டதிலிருந்து

மெமரி கார்டு போட்ட மறுநாளிலிருந்து அண்ணன் போன் வரவில்லை.

வந்தால் மட்டும் எடுத்துப் பேசிவிடுவாரா மெக்கானிக்? மாட்டார். இரண்டு வருஷமாக எடுத்ததில்லை.

அண்ணனுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. காலையில் கடை திறந்ததும் தம்பிக்கு ஒரு தரம் அடிப்பார். இவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, மணி ஓயும்வரை போனையே முறைத்துக்கொண்டு நிற்பார். அப்புறம்தான் லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்புவார்.

சண்டை பெரிசில்லை. ஒன்றாக இருந்த வீட்டை விட்டு இவர் தனிக்குடித்தனம் போனார். "பொண்டாட்டி சாவி கொடுத்தா ஆடுற பொம்மை" என்று நாலு பேர் முன்னால் அண்ணன் ஒரு வார்த்தை விட்டார். அதோடு பேச்சு நின்றது. குடும்பத்தைப் பிரித்தவள் என்ற பெயர் மட்டும் மெக்கானிக்கின் மனைவிக்கு நிலைத்துவிட்டது.

போன வாரம் போனில் இடம் தீர்ந்தது. கழற்றிய மோட்டாரைப் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பியாக வேண்டும். எடுக்க விடாமல் போன் அடம் பிடித்தது.

"கொடுங்க. போன்கடையில கார்டு போட்டுக்கிட்டு வரேன்" என்று மனைவிதான் வாங்கிப் போனாள்.

படம் விழுந்தது. அண்ணன் போன் விழவில்லை.

முதல் நாள் பொத்தானையெல்லாம் போட்டு முடித்தும் மெக்கானிக் நின்றுகொண்டே இருந்தார்.

"என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல."

மறுநாள் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"இவன் ஏன் கூப்பிடல?"

"யாரு?"

"அவன்தான்."

"அப்பாடா, காலங்காத்தால தொல்லை விட்டுதுன்னு நான் நிம்மதியா இருக்கேன். வந்தா மட்டும் எடுக்கவா போறீங்க?"

நியாயம்தான். இருந்தாலும் குடைந்தது. கோபமா? உடம்புக்கு ஏதாவதா? கம்பெனியிலிருந்து போன் வருகிறது, வாடிக்கையாளர் வசவு வருகிறது. போன் கெட்டுப்போகவில்லை. அப்படியானால் அண்ணனுக்குத்தான் ஏதோ.

அதற்கு அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. நேரே கண்ணாடிக் கடை வாசலில் போய் நின்றார்.

அண்ணன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்து ஒரு பிரேமுக்கு ஆணி முடுக்கிக்கொண்டிருந்தார்.

"நல்லாத்தான இருக்கே? ஏன் கூப்பிடல?"

"யாரு, நானா? நம்பரை மாத்திட்டு என்னைக் கேக்க வந்துட்டியா?"

"நான் எங்கண்ணே மாத்தினேன்?"

"தினமும் அடிக்கிறேன். சுவிட்ச் ஆஃப்னு ஒரு பொம்பளை சொல்றா."

"எவ அவ? இதோ எரியுது பாரு போனு!"

அண்ணன் அங்கேயே அடித்துக் காட்டினார். தம்பி கையில் போன் பளிச்சென்று எரிகிறது. அண்ணன் காதிலோ சுவிட்ச் ஆஃப். இரண்டு பேரும் பேய் அறைந்த மாதிரி பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த நம்பருக்கு அடிக்கிறே?"

"உன் பழைய நம்பருக்குத்தான். கம்பெனி நம்பர் எனக்கு எவன் கொடுத்தான்?"

அண்ணன் தம்பியின் போனை வாங்கி, கண்ணாடி ரிப்பேருக்கு வைத்திருந்த ஊசியால் ஓரத்தில் குத்தி சிம் தட்டை வெளியே இழுத்தார். ஒரு குழியில் கம்பெனி சிம். இன்னொன்றில் புதுக் கார்டு.

"பழைய சிம் எங்கடா?"

"அந்த போன்கடைக்காரன் தலையில இருக்குற மூளை எங்க? அதைக் கேளு முதல்ல!"

கடையை அப்படியே போட்டுவிட்டு இருவரும் சேர்ந்து சண்டைக்குப் போனார்கள். போன்கடைக்காரன் பயப்படவில்லை.

"சார், இந்த போன்ல ரெண்டாவது சிம் இருக்கிற குழியிலதான் கார்டும் உக்காரும். ஒண்ணை எடுத்தாத்தான் இன்னொண்ணு."

"அதைச் சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே! கார்டே வேணாம், வேண்டாத வீடியோவை அழிச்சாப் போதும்னேன். போட்டா இந்த நம்பருக்குப் போன் வராதும்மான்னேன். 'வரக் கூடாது, அதுக்குத்தான் போடச் சொல்றேன்'னு சொன்னாங்க உங்க வீட்டம்மா. சிம்மையும் வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க."

மெக்கானிக்கின் காது சூடானது.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் அண்ணன். "நான் அன்னிக்குச் சொன்னப்ப உனக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு."

தம்பி வீட்டைப் பார்த்து நடந்தார். அண்ணனும் விடாமல் பின்னாலேயே வந்தார்.

மனைவி கதவைத் திறந்தாள். இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"வாங்க மாமா. உக்காருங்க."

மேஜையில் டீ தயாராக இருந்தது. மூன்று டம்ளர்.

"சிம் எங்கே?" என்று உறுமினார் மெக்கானிக்.

தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்து எடுத்து நீட்டினாள்.

"ஏன் இப்படிப் பண்ணினே?"

"ரெண்டு வருஷம் மணி அடிச்சுது. நீங்க அசையல. சரி, நிறுத்தித்தான் பார்ப்போமேன்னு பார்த்தேன்."

அண்ணன் அவசரமாக டம்ளரை எடுத்து, நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

அப்போது அண்ணன் போன் அடித்தது. அண்ணி.

"கடையைத் திறந்து போட்டுட்டு எங்க போய்த் தொலைஞ்சீங்க?"

"தம்பி வீட்ல இருக்கேன்."

"என்னது! பேசிட்டீங்களா? யாரு சேத்து வெச்சது?"

அண்ணன் ஒரு வாய் டீயை விழுங்கினார்.

"குடும்பத்தைப் பிரிச்சவள்னு நாம வாய் ஓயாம சொல்லுவோமே... அவதான்."