ஆறு மணிக் கட்டம்

ஆறு மணிக் கட்டத்தில் நாடித்துடிப்பு எண்பத்திரண்டு என்று எழுதியிருந்தது.

சுவர்க்கடிகாரத்தில் மணி நாலேகால்.

மூன்றாம் படுக்கைப் பெரியவரின் சார்ட்டைப் போட்டோ எடுக்க நீட்டிய செல்போனை அவள் மெல்லத் தாழ்த்தினாள். எட்டு மணிக் கட்டத்திலும் எழுதியிருந்தது. பத்து மணியிலும். காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் நாளைக் காலை ஆறு மணி வரை, ஒரே பேனாவில், வரிசை பிசகாமல்.

பெரியவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நாளைக் காலையில் அவருக்குக் காய்ச்சல் இல்லையாம்.

நாலாம் படுக்கையைப் பார்த்தாள். ஐந்தாம் படுக்கை. ஆறு. எல்லாம் அதே கதைதான்.



கிராமத்து ஆஸ்பத்திரிகளை நர்ஸுகள் எப்படித் தலைமையேற்று நடத்துகிறார்கள் என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. அவளும் நர்ஸ்தான், நர்சிங் கல்லூரியில் பாடம் எடுப்பவள். மூன்று வருடம் பதினான்கு ஆஸ்பத்திரிகளுக்கு அலைந்து, இது ஒன்றைத்தான் உதாரணமாக வைத்து நாலாவது அத்தியாயத்தை எழுதியிருந்தாள். காலையில் மட்டும் வந்துபோகும் டாக்டர். பன்னிரண்டு படுக்கைக்கு ஒரே ஒரு சிஸ்டர். அப்படியும் ஒரு கட்டம்கூடக் காலியாக இல்லாத சார்ட்டுகள்.

அந்த லட்சணம் இதுதானா?

ஆராய்ச்சி போனால் போகட்டும். அதை நம்பித்தானே நிறைமாத நாத்தனாரை இங்கே சேர்க்கச் சொன்னாள்? டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றார். "டாக்டரம்மா சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்று கணவன்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தான். பட்டம் கைக்கு வருமுன்பே அவன் வைத்த பெயர் அது.

இன்று விடியற்காலையில் நாத்தனாருக்குப் பெண் குழந்தை. பதினோராம் படுக்கை.

உறவு தெரிந்தால் தனிக் கவனிப்பு வந்துவிடும், ஆராய்ச்சி கெட்டுவிடும் என்று பயந்து, யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று நாத்தனாரிடம் சொல்லி வைத்திருந்தாள். அவளுக்கு அது பெரிய விளையாட்டு. இப்போதும் கடைசி வரிசையிலிருந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை ஆட்டினாள்.

"மேடம், கொஞ்சம் தண்ணி குடுங்களேன்."

கொடுத்தாள். மடமடவென்று குடித்துவிட்டு நாத்தனார் கிசுகிசுத்தாள். "அப்படியே அண்ணன் மூக்கு, அண்ணி. பாவம், இவளை யாரு கட்டிப்பா?"

அவள் காதில் எதுவும் ஏறவில்லை. கால்மாட்டில் தொங்கிய சார்ட்டைக் கழற்றித் திருப்பினாள்.

நாலு மணி வரை எழுதியிருந்தது.

ஆறு மணிக் கட்டம் காலி. எட்டு காலி. அதற்கப்புறம் காலை வரை வெறும் வெள்ளைத்தாள்.

இவளுக்கு மட்டும் யாரும் பொய் எழுதவில்லை. நெஞ்சில் அடைத்திருந்தது சட்டென்று இறங்கியது. காரணமும் உடனே புரிந்துபோனது. ஓட்டைவாய் உளறித் தொலைத்திருக்கிறாள்.

சார்ட்டோடு சிஸ்டரின் மேஜைக்குப் போனாள். சிஸ்டருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். "ஊசி போடத் தெரிஞ்ச டாக்டர் வந்தாச்சு" என்று தினமும் அவளைக் கேலி செய்துதான் வரவேற்பார். இப்போது தொலைபேசியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லா சார்ட்டும் நாளைக் காலை வரைக்கும் எழுதி வச்சிருக்கீங்க, சிஸ்டர். எங்க வீட்டுப் பொண்ணுன்னு தெரிஞ்சு இவளுக்கு மட்டும் விட்டுட்டீங்களா?"

கோபமாகக் கேட்கத்தான் வந்தாள். குரலில் பாதி நன்றி கலந்துவிட்டது.

"உங்க வீட்டுப் பொண்ணா?"

சிஸ்டரின் முகத்தில் கேலி இல்லை. "எனக்குத் தெரியாதே, மேடம்."

பதினோராம் படுக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல், தாழ்ந்த குரலில் தொடர்ந்தார்.

"மத்த பதினோரு பேரும் காலை வரைக்கும் இப்படியேதான் இருப்பாங்க. முப்பது வருஷமாப் பார்க்கிறேன், தப்பினது இல்ல. அவங்க கணக்கை எழுதி முடிச்சாத்தான் ஒருத்தி பக்கத்துல நான் உட்கார முடியும்."

கையிலிருந்த சார்ட்டை அவள் மறுபடி பார்த்தாள். காலை பத்து மணிக்கு நாடித்துடிப்பு எழுபத்தெட்டு. பன்னிரண்டுக்கு எண்பத்து நாலு. இரண்டுக்குத் தொண்ணூற்றொன்று. நாலுக்குத் தொண்ணூற்றேழு.

தனித்தனியாக எடுத்தால் எதிலும் குறை சொல்ல முடியாது. அவளாக இருந்தால், எல்லாம் சரி என்று ஒரு டிக் அடித்துவிட்டு அடுத்த படுக்கைக்குப் போயிருப்பாள்.

சேர்த்துப் படித்தாள்.

வெளியே சொட்டுக்கூடத் தெரியாமல் உள்ளே ரத்தம் கசியும்போது நாடி இப்படித்தான் ஏறும். தாகம் எடுக்கும். வருடா வருடம் மாணவிகளுக்கு அவள் நடத்தும் பாடம்.

கடைசி வரிசையில் நாத்தனார் காலி டம்ளரைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது இப்போதுதான் தெரிந்தது.

சிஸ்டர் எழுந்து, தொலைபேசியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகுமாம். அவளுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம், மேடம். உங்க வீட்ல வேற யாருக்கு இருக்கு?"