பக்கத்துக் காம்பரா

கலஹாத் தோட்டத்தில் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயம், தேயிலைக்கு முந்தின காப்பிக் காலத்தில் கட்டியது. அங்கே ஒற்றை அறை வீடான ஒரு காம்பராவில் குடிவந்த மூன்றாம் நாளே, பல்பு மாட்டப்போன பேச்சாயியின் புருஷனைக் கரண்ட் தூக்கி அடித்துவிட்டது. அவனால் இன்னும் கையைத் தூக்க முடியவில்லை.

"சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத்தாண்ணே தொட்டாரு," என்றாள் பேச்சாயி.

வயர்மேன் சவரிமுத்து ஹோல்டரைக் கழற்றினார். "எந்தப் புண்ணியவான் பாத்த வேல தங்கச்சி இது? கரண்டு நேரா ஹோல்டருக்கு வருது. சுவிட்ச திரும்பிப் போற வயர்ல மாட்டியிருக்கான். பல்பு அணைஞ்சாலும் கரண்டு அங்கயேதான் நிக்கும்."

பியூஸைப் பிடுங்கினார். அப்போதும் டெஸ்டர் எரிந்தது. பக்கச் சுவரின் ஓட்டை வழியாக அந்த வயர் வந்திருந்தது.

"பக்கத்துக் காம்பராலருந்து இழுத்திருக்கானுக," என்று சலித்துக்கொண்டவர், சுவரைப் பார்த்துக் கத்தினார். "ஐயா, கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க! வயர வெட்டணும்!"

டெஸ்டர் அணைந்தது. சவரிமுத்து வயரை வெட்டினார். பேச்சாயியின் மெயினிலிருந்து புது வயர் இழுத்து, சுவிட்சைச் சரியாக மாட்டினார். இனி யாரும் பயமில்லாமல் பல்பைத் தொடலாம்.

"அந்தப் பக்கம் யாரு இருக்கா? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேன்."

"யாரும் இல்லண்ணே. இதுதான கடைசிக் காம்பரா. அங்கிட்டு வெறும் பள்ளம்."

சவரிமுத்து ஓட்டையைப் பார்த்தார். வெட்டிய வயரின் நுனி சுவருக்குள் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் யாரோ முழங்கையில் போட்டுச் சுற்றி எடுப்பதுபோல, ஒரே அளவாக, நிதானமாக.