நாற்பத்தொன்றாம் எண்

பன்னிரண்டாவது கவுனின் பைக்குள் விரலை விட்டாள்.

சிறிய தாள் அகப்பட்டது. எண் பதினெட்டு.

பழையபடி உள்ளே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

கடை திறந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. கண்ணாடிக்கு வெளியே ஹாம்பர்க்கின் ஜூன் வெயில். பேருந்துகள் பாதி காலியாகப் போய்க்கொண்டிருந்தன.

இது நான்காவது நாள். விற்பனைப் பெண் பக்கத்தில் வந்து நின்றாள்.

"குழந்தைக்கு என்ன வயசு?"

"ரெண்டு."

அவளுக்குக் குழந்தை இல்லை.

அவள் படிப்பது முதுகலை. உலகளாவிய ஆய்வுகள். கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் பொருளாதாரம், கொஞ்சம் மானுடவியல். படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று ஊரில் கேட்டவர்களுக்கு அவளால் ஒரு வரியில் பதில் சொல்ல முடிந்ததில்லை.

முதல் பருவத்திலேயே ஒரு கட்டுரை கொடுத்தார்கள். ஒரு பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். அது உண்டான இடத்திலிருந்து விற்கும் இடம் வரை பின்னாலேயே போக வேண்டும். ஒருத்தி காப்பிக்கொட்டையை எடுத்தாள். ஒருவன் கைப்பேசி பேட்டரியை.

அவள் குழந்தைகளுக்கான கவுனை எடுத்தாள். திருப்பூரில் அம்மா வேலை பார்த்த கம்பெனி தைத்து அனுப்புவது.

அம்மா போனில் சிரித்தாள்.

"நா செக்கிங் பண்ற துணிக்கு நீ அங்க உக்காந்து பரீட்ச எழுதறியா? அதுக்கு இங்கயே எம்பக்கத்துல வந்து நின்னிருக்கலாமே கண்ணு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். தையல் விட்டிருக்கிறதா, பட்டன் நிற்கிறதா, கறை இருக்கிறதா. எல்லாம் சரியென்றால் தன் எண் அச்சிட்ட தாளைப் பைக்குள் போட வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் ஓர் எண். செக்கிங் ஹாலில் யாருக்கும் பெயர் கிடையாது. சூப்பர்வைசர் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

அம்மா நாற்பத்தொன்று.

அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள்.

பிப்ரவரி கடைசியில், வேலை முடிந்து வந்த அம்மா அடுப்படியில் சரிந்தாள்.

அப்போது அவளுடைய விசா அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அது இல்லாமல் கிளம்பினால் திரும்பி உள்ளே வர முடியாது. வர வேண்டாம் என்று மாமா சொன்னார். உங்கம்மாவுக்கு அந்தப் படிப்புதான் ஆசை என்றார்.

அவள் போகவில்லை.

அம்மாவின் முகத்தைக் கைப்பேசியில் பார்த்தாள். யாரோ போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்கள். படம் ஆடிக்கொண்டே நெற்றிக்கு வந்தது. மாலைக்கு வந்தது. கைகளுக்கு வருவதற்குள் நின்றுவிட்டது.

கட்டுரைக்கு வேறு பொருளை எடுத்துக்கொள்ளலாம் என்றார் பேராசிரியர்.

அவள் மாற்றவில்லை.

உட்கார்ந்து நாட்களைக் கூட்டினாள். பெட்டி கட்டுவது. தூத்துக்குடியில் கப்பலுக்குக் காத்திருப்பது. கடல். கிடங்கு. எதற்கு எத்தனை நாள் என்று எல்லாம் அவளிடம் இருந்தது. கடைசி வாரம் அம்மா தொட்ட துணி, ஜூன் தொடக்கத்தில் இந்தக் கடைக்கு வந்துவிடும்.

வரைபடத்தில் அவள் போட்ட கோடு அம்மாவின் மேசையில் தொடங்கியது. இந்தக் கம்பியில், இந்த ஹேங்கர்களில் முடிந்தது.

பதினாறாவது கவுன். மஞ்சள். நெஞ்சில் ஒரு வாத்து.

பைக்குள் விரலை விட்டாள்.

நாற்பத்தொன்று.

தாளை வெளியே எடுத்தாள்.

தாளின் ஒரு மூலை மடங்கியிருந்தது. யாரோ அவசரத்தில் கட்டைவிரலால் தள்ளியிருக்க வேண்டும். அந்த மடிப்பின் மேல் தன் கட்டைவிரலை வைத்தாள்.

பிறகு படமெடுத்துப் பூங்கொடியக்காவுக்கு அனுப்பினாள். அம்மாவுக்கு அடுத்த மேசை. நாற்பத்திரண்டு. அங்கே இப்போது சாப்பாட்டு நேரம். போன் கையில் இருக்கும்.

"அம்மா போட்டதுதானேக்கா?"

பார்த்துவிட்டதற்கான நீலக் குறி வந்தது. பேசிப் பதிவு செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது.

மூன்றாம் முறை குரல் வந்தது. இருபத்திரண்டு நொடி.

"ஆமா சாமி. உங்கம்மா பாத்ததேதான். நாப்பத்தொண்ணுன்னா அவதான, வேற ஆரு? அந்த நம்பர ஆருக்கும் குடுக்கல கண்ணு. அவ மேச அப்படியேதான் கெடக்குது. அழுவாத. அத பத்தரமா வெச்சுக்க..."

மணி அடித்தது. பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்.

"நாப்பத்தொண்ணு! மணி அடிச்சாச்சு, இன்னும் என்ன போனு?"

"வந்துட்டனுங் சார்."

பூங்கொடியக்காவின் குரல்தான். போனுக்கு மிக அருகில்.

பதிவு முடிந்திருந்தது.

அவள் கொஞ்ச நேரம் வாத்தைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

"எனக்கும் தெரிஞ்சுதுக்கா. அம்மா கைதான்."

கவுனை மடித்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். விற்பனைப் பெண்ணுக்கு முகம் மலர்ந்தது.

"கடைசில கிடைச்சிருச்சா?"

அவள் தலையாட்டினாள்.

பேருந்து நிறுத்தத்தில் யாரும் இல்லை. போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு மறுபடி கேட்டாள்.

பதினேழாவது நொடியில் நிறுத்தினாள். மணி அடிப்பதற்கு முன்னால்.

முதலிலிருந்து மறுபடி போட்டாள்.