காலித் தொட்டிக்குச் சொன்ன ரகசியம்

போன தையில் அந்த வீட்டுத் தோட்டத்துக்கு வந்த செம்பருத்தி, தன் மனக்குறையை எல்லாம் பக்கத்திலிருந்த காலித் தொட்டியிடம்தான் கொட்டும். எதிரே இருந்த ரோஜாவின் அலட்டல் தாங்கவில்லை என்று சொல்லும். தன் இலைக்கடியில் மாவுப்பூச்சி வந்திருப்பதை ரோஜாவுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருப்பதையும் ஒருநாள் சொல்லி அழுதது. காலித் தொட்டிக்குக் காதா இருக்கிறது?

சித்திரை வெயில் ஏறியதும் அந்தத் தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு தண்டு எழுந்தது. அதன் உச்சியில் சிவப்புப் பந்து போல ஒரு பூ விரிந்தது. மாதக்கணக்கில் மண்ணுக்குள் கிழங்காகப் படுத்திருந்த மே மாதப் பூ!

செம்பருத்தி வெலவெலத்துப் போனது. "அடிப்பாவி, இத்தனை நாளும் உள்ளேதான் இருந்தியா? நான் பேசினதெல்லாம்..."

"ஒண்ணு விடாம கேட்டேன்க்கா."

ரோஜா உடனே எட்டிப் பார்த்தது. "அப்படி என்னதான் பேசினா இவ?"

"மழையைப் பத்திதான். வேற என்ன?" என்றது மே மாதப் பூ.

செம்பருத்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரோஜா முகத்தைத் திருப்பிக்கொண்டதும், மே மாதப் பூ மெல்லச் சாய்ந்து கேட்டது:

"பூச்சி போயிடுச்சாக்கா? அதைச் சொல்லாமலே விட்டுட்டியே. எனக்கு அப்புறம் தூக்கமே வரல."